பானட்டில் ஊறிய பொட்டு

நஞ்சுண்டண்ணன் வலது கைக் கட்டைவிரலை நாக்கில் ஒற்றி எடுப்பார். புத்தகப் பக்கம் புரட்டுகிறவர்கள் போல நுனியை மட்டுமல்ல, விரலின் சதைப்பகுதி முழுக்க நனையும்படி. பிறகு தன் அம்பாசிடரின் முன்கதவில், கைப்பிடிக்குச் சற்றுக் கீழே, அந்த விரலால் ஒரு வட்டம் தேய்ப்பார். வெயிலில் வெந்து சாம்பல் பூத்துக் கிடந்த தகரத்தில் ஈரம் பட்ட இடம் மட்டும் நீலமாகும். நல்ல நீலம், மழைவிட்ட காலையில் வாலாங்குளத்துக்கு மேலே தெரிகிற நீலம். "பாத்துக்குங்க, இதுதான் எம்பட வண்டி" என்பார். எதிரில் நிற்பவர் குனிந்து பார்ப்பதற்குள் ஈரம் ஓரத்திலிருந்து காய ஆரம்பித்து, வட்டம் சுருங்கிப் புள்ளியாகி, மறுபடியும் சாம்பல். "அட, பாக்கறதுக்குள்ள போயிருச்சுங்களே" என்று விரலைத் திரும்பவும் நாக்குக்குக் கொண்டுபோவார்.

கோயமுத்தூர் சுங்கத்துக்குப் பக்கத்தில் கோவிந்தராஜுலுவின் பெயின்ட் கடையில் நான் அப்போது வேலை பார்த்தேன். எதிரே ரசாக் பாயின் ஷெட். டிங்கரிங், பெயின்டிங் இரண்டும் அங்கே நடக்கும். தின்னர், வாட்டர் பேப்பர், பள்ளம் அடைக்கிற பட்டி எல்லாம் எங்கள் கடையிலிருந்துதான் ரோட்டைத் தாண்டிப் போகும். வியாபாரம் இல்லாத நேரத்தில் எனக்கு அந்த ஷெட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பொழுது. தொண்ணூற்று நாலு ஐப்பசியில் நஞ்சுண்டண்ணன் தன் வண்டியை அங்கே கொண்டுவந்து நிறுத்தியதையும் அப்படித்தான் பார்த்தேன்.

அவர் ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் டாக்சி ஓட்டினார். அமாவாசை வந்தால் ஆனைமலை மாசாணியம்மன் கோயில் சவாரி, லீவு நாட்களில் வால்பாறை சவாரி. ஸ்டாண்டில் நிழல் கிடையாது. வருஷக்கணக்காக உச்சிவெயிலில் நின்று வண்டியின் நீலம் பொடியாகிப் போயிருந்தது. சாய்ந்து நின்றால் சட்டையில் ஒட்டும். நஞ்சுண்டண்ணனின் வெள்ளைச் சட்டைகள் எல்லாவற்றுக்கும் முழங்கை மட்டும் லேசான நீலமாக இருக்கும்.

"ஏனுங்ணா, இது பெயின்ட்டுங்களா, சுண்ணாம்புங்களா?" என்று ரசாக் பாய் கையைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"வெயில்ல நின்னு நின்னு அப்பிடி ஆயிப்போச்சு பாய். உன்ற மண்டைகூடத்தான் வெளுத்துக் கெடக்குது. நான் ஏதாச்சும் கேட்டனா?"

பாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுத் தூக்குடன் வந்த அவர் மனைவி ஜாஹிதாவைக் கூப்பிட்டு அதைத் திரும்பச் சொல்ல வைத்தார்.

வண்டிக்கு ஏன் இப்போது பெயின்ட் என்பதை நஞ்சுண்டண்ணன் யாரிடமும் மறைக்கவில்லை. அவர் மனைவி தெய்வாத்தாள் அதற்கு முந்தைய வருஷம் ஆனைமலையில் அண்ணன் வீட்டுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. சண்டை என்று எதுவும் இல்லை. அங்கே அம்மாவுக்கு முடியவில்லை என்று தகவல் வந்த அன்று நஞ்சுண்டண்ணன் ஒரு சவாரியோடு வால்பாறை கிளம்பிக்கொண்டிருந்தார். தெய்வாத்தாள் பஸ்ஸில் போய்விடுவதாகச் சொன்னார். "வண்டி வெச்சிருக்கறவன் பொண்டாட்டி பஸ்ஸுல போவாளா? பொழுதோட வந்துருவேன், இரு, நம்ம வண்டியிலயே போலாம்" என்று இவர் சொல்லிவிட்டுப் போனார். மலையிலிருந்து இறங்கும்போது வழியில் ஒரு லாரி குறுக்கே சாய்ந்து கிடந்தது. தெய்வாத்தாள் சேலை மாற்றிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். வண்டி வந்து இரண்டு பேரும் ஆனைமலை போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, எடுத்துவிட்டிருந்தார்கள்.

காரியம் முடிந்து இவர் கிளம்பியபோது தெய்வாத்தாள், "நீங்க போங்க. எனக்குச் சித்த நாளாகும்" என்றாராம். அவ்வளவுதான்.

ஒருநாள் கடையில் தின்னருக்காக நின்றவர், கல்லாவுக்கடியில் நான் வைத்திருந்த கவிதைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "என்ன கண்ணு, வரியெல்லாம் பாதியிலயே நிக்குது? பிரஸ்ஸுல மை தீந்துபோச்சா?"

"மீதியைப் படிக்கிறவங்களே நெனச்சுக்கணும்ங்க."

அவர் புத்தகத்தை எட்டப் பிடித்து இன்னொரு தரம் பார்த்தார். "அப்பன்னா தெய்வாத்தா பேசற மாதிரின்னு சொல்லு" என்றார்.

இப்போது தெய்வாத்தாளை அழைத்துவர ஒரு வழி பிறந்திருந்தது. கருமத்தம்பட்டியில் தறிக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்திருந்த மகள் லோகப்பிரியாவுக்கு ஒன்பதாம் மாதம் பிறக்கப்போகிறது. எங்கள் பக்கம் அப்போது கட்டுச்சோறு கொண்டுபோவார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் புளிசாதம், எலுமிச்சைச்சாதம், தயிர்சாதம் என்று பானை பானையாகக் கட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போய் விருந்து வைத்து, பெண்ணைப் பிரசவத்துக்குத் தங்கள் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். தகப்பனும் தாயும் சேர்ந்து நிற்க வேண்டிய காரியம். கார்த்திகையில் ஒரு புதன்கிழமைக்கு நாள் குறித்தாகிவிட்டது. விடிய ஆனைமலை போவது, தெய்வாத்தாளையும் பானைகளையும் ஏற்றிக்கொண்டு கருமத்தம்பட்டி, அங்கிருந்து பொண்ணோடும் பொண்டாட்டியோடும் நேராகச் சிங்காநல்லூரில் தன் வீடு. இதுதான் நஞ்சுண்டண்ணனின் கணக்கு. வீட்டுக்கு வெள்ளையடித்துத் தொட்டில் கட்ட உத்திரத்தில் கொக்கிகூட மாட்டிவிட்டார்.

"அன்னிக்கு நேரத்துக்கு வராத வண்டி இதுதானுங்களே பாய். அதே வண்டி போயி அவ முன்னால புதுசா நிக்கோணும்."

தேய்க்கும் வேலையைத் தானே செய்வேன் என்று சொல்லிவிட்டார். "அதுக்கென்ன, கல்யாணப் பொண்ணுக்கு மாப்பிள்ளையே நலங்கு வைக்கட்டும்" என்று பாய் ஒரு ரப்பர்க் கட்டையையும் வாட்டர் பேப்பரையும் கொடுத்தார். முதலில் சோப்புத் தண்ணீர் விட்டு எண்ணெய்ப் பசை போகக் கழுவினார்கள். பம்பர், விளக்கு, எழுத்துகள் எல்லாம் கழன்று ஒரு சாக்குக்குள் போயின. பிறகு நஞ்சுண்டண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு கையால் தண்ணீர் விடுவது, மறு கையால் தேய்ப்பது. செத்த பெயின்ட் முழுக்க வரவேண்டும், நல்ல பெயின்ட் நிற்கவேண்டும், இரண்டுக்கும் நடுவில் விளிம்பு தட்டக்கூடாது. நீலத் தண்ணீர் ஷெட்டிலிருந்து வழிந்து ரோட்டோரச் சாக்கடைக்குப் போகும். சவாரி இல்லாத பொழைப்பு, ஆனாலும் அவர் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. தேய்த்த இடத்தைக் கழுவிவிட்டு, ஈரத்தில் நீலம் தெரியும்போது கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்ஜினை மூடுகிற பானட்டின் மூக்கில் மட்டும் அவர் கை போகவில்லை.

அங்கே ஒரு பொட்டு இருந்தது. வண்டி வாங்கிய நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் தெய்வாத்தாள் வைத்தது. காற்றுக்குப் பறந்துவிடக் கூடாதென்று விளக்கில் இருக்கிற எண்ணெயைத் தொட்டுக் குங்குமத்தைக் குழைத்து வைப்பாராம். அந்தம்மாள் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகியும், மழையில் நனைந்தும், அது போகவில்லை. எண்ணெயோடு நிறமும் சேர்ந்து பொரிந்த பெயின்டுக்குள் ஊறிப்போய், பழைய காயத்தின் தழும்பு மாதிரிக் கருஞ்சிவப்பாக நின்றது.

"ணா, அதை அடித்தகரம் தெரியற வரைக்கும் எடுத்துருங்க" என்றார் பாய். "சிவப்பு பொல்லாதது. மேல என்ன அடிச்சாலும் ஏறி வந்துரும்."

"எடுத்துப்போட்டாப் போச்சு. கடைசியாப் பாத்துக்கலாம் பாய்."

கடைசி வந்தது. வெள்ளிக்கிழமை, பாய் ஜும்மாவுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது பானட்டில் பட்டி போட்டு வழித்துவிட்டிருந்தது. பள்ளம் மேடு இல்லாமல் நன்றாகவே வழித்திருந்தார். பாய் உள்ளங்கையால் தடவிப் பார்த்து, "பொட்டை எடுத்துட்டீங்களாண்ணா?" என்றார். நஞ்சுண்டண்ணன் "ம்" என்றார்.

பட்டி காய்ந்து, அதைத் தேய்த்து, பிரைமர் அடித்து, அதையும் தேய்த்து முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஈரக்காற்றில் பெயின்ட் அடித்தால் பால் கொட்டினாற்போல வெளுத்துவிடும். வாலாங்குளம் பக்கமிருந்து வருகிற காற்றை மோந்து பார்த்துப் பாய் நாள் தள்ளிக்கொண்டே போனார். கட்டுச்சோற்றுக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை வானம் வெளுத்தது. கம்பிரசரைப் போட்டு முழு வண்டிக்கும் நீலம் அடித்தார். கடையைப் பூட்டிய பிறகும் வீட்டுக்குப் போகாமல் நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். நஞ்சுண்டண்ணன் விரலை நாக்கில் வைக்காமலே வண்டி நீலமாக இருந்தது. அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஜாஹிதாதான், "பாருங்கண்ணா, அண்ணி பாத்துட்டு யாரு வண்டின்னு கேக்கப் போறாங்க" என்றார்.

திங்கட்கிழமை காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போதே பாயின் சத்தம் கேட்டது.

பானட்டின் மூக்கில், நேற்று அடித்த நீலத்துக்கு நடுவே, ரோஸ் நிறத்தில் ஒரு வட்டம். அடிபட்டுக் கன்றிய தோல் மாதிரி. ஓரத்தில் எண்ணெய் தள்ளிப் பெயின்ட் ஒட்டாமல் சின்னச் சின்னக் குழிகள்.

"எடுத்தேன்னு சொன்னீங்களே!"

நஞ்சுண்டண்ணன் சாக்குமேல் உட்கார்ந்திருந்தார். "தேய்க்கத்தான் உக்காந்தேன். மனசு வல்லீங்க பாய். உள்ளயே இருந்துட்டுப் போகட்டுமே, யாருக்குத் தெரியப் போகுதுன்னு மேல பட்டியப் போட்டு மூடிப்போட்டேன்."

"யாருக்குத் தெரியும்னா? பெயின்ட்டுக்குத் தெரியுமேண்ணா!"

பாய் தலையில் கைவைத்துக்கொண்டார். ஜாஹிதா வந்து வட்டத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "ஏண்ணா, அண்ணி ஊட்டுக்கு வந்துட்டா வெள்ளிக்கு வெள்ளி புதுசா வெச்சுட்டுப் போறாங்க. இதுக்குப் போயி..." என்று நிறுத்திக்கொண்டார். நஞ்சுண்டண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அந்த யோசனை அதுவரை அவருக்கு வரவேயில்லை என்று அவர் முகத்தில் தெரிந்தது.

மேலாகச் சுரண்டி அடித்தால் திரும்பவும் ஏறும். பானட் முழுவதையும் தின்னர் போட்டுக் கழுவித் தகரம் வரைக்கும் இறக்கினார்கள். இந்தத் தடவை பொட்டு இருந்த இடத்தை நஞ்சுண்டண்ணனே தேய்த்தார். கட்டை இல்லாமல், பேப்பரை விரலில் சுற்றிக்கொண்டு. தகரம் பளிச்சென்று வந்தபிறகும் தேய்த்துக்கொண்டிருந்தார். "போதும்ணா, ஓட்டை உழுந்துரும்" என்று பாய்தான் கையைப் பிடித்தார்.

பிரைமர் அடித்தார்கள். செவ்வாய்க்கிழமை நாள் முழுக்க மழை.

"வண்டி ஓடறதுக்கு என்ன கேடுங்ணா?" என்றார் பாய் சாயங்காலம். "பானட்டு மட்டும் சாம்பலா இருக்கும். அப்பிடியே எடுத்துட்டுப் போங்க. காரியத்த முடிச்சுட்டு வாங்க, மறுநாளே அடிச்சுத் தாரேன்."

"பொண்ணைக் கூட்டறக்குப் போற வண்டிங்க பாய். சம்மந்தி ஊட்டு வாசல்ல பாதி வேலைல நிக்கறதா?"

"அப்ப ஸ்டாண்டுல ஒரு வண்டியக் கேளுங்க."

"அடுத்தவன் வண்டியில போயி எப்பிடி அவ முன்னால நிக்கிறது? வண்டி வரும் வண்டி வரும்னு உக்காந்திருந்தவ அவ."

எங்கள் முதலாளி கோவிந்தராஜுலு கடையிலிருந்தே குரல் கொடுத்தார். "ஏய்யா நஞ்சுண்டா, அந்தம்மா உன்னைக் கட்டுச்சா, வண்டியக் கட்டுச்சா?" எல்லோரும் சிரித்தார்கள். நஞ்சுண்டண்ணனும் சிரித்தார். "வெடிஞ்சா வெயில் வரும் பாருங்க. ரெண்டு மணி நேரம் வெயில் போதும்" என்றார்.

புதன்கிழமை விடிந்தபோது தூறிக்கொண்டிருந்தது. நான் கடை திறக்கப் போனபோது அவர் வேட்டி சட்டையில் வாசலில் நின்றிருந்தார். முழங்கையில் நீலம் இல்லாத புதுச் சட்டை. "ஒரு போன் போட்டுக்கறேன் கண்ணு" என்றார். கடையின் போனில் ஆனைமலையில் மச்சான் வீட்டு நம்பரைச் சுழற்றினார். அந்தப் பக்கம் பேசியது எனக்குக் கேட்கவில்லை.

"மச்சானுங்களா? நான்தானுங்க... இல்லீங்க, இன்னும் பொறப்படலீங்க. பானட்டு காயலீங்க... நாளானிக்கு வெச்சுக்கலாமுங்களா? ... தெரியுதுங்க. சொந்தமெல்லாம் வந்துருக்கும், தெரியுதுங்க."

கொஞ்சம் இடைவெளி. பிறகு குரல் தணிந்தது. அந்தப் பக்கம் தெய்வாத்தாள் வாங்கியிருக்க வேண்டும்.

"அம்மணி... பஸ்ஸுலயா? கட்டுச்சோத்தத் தூக்கீட்டு எப்பிடி பஸ்ஸுல போறது? ... நான் பஸ்ஸேறியா? வெறுங்கையோட வந்து நிக்கறதா? ஊரு என்ன பேசும்? ... அதில்ல அம்மணி, சித்த வெயில் வந்துட்டா மத்தியானத்துக்குள்ள... அலோ. அலோ."

ரிசீவரை வைத்துவிட்டு, "கட்டாயிருச்சு" என்றார். பிறகு ஷெட்டுக்குப் போய்ப் பானட்டின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். கருமத்தம்பட்டிக்கு எங்கள் பக்கமிருந்து அவினாசி பஸ்ஸில் ஏறினால் எட்டிவிடலாம். பாய் இரண்டு தரம் சொன்னார். ஜாஹிதா குடையைக்கூட எடுத்துக் கொடுத்தார். "மத்தியானத்துக்கு மேல வெயில் வரும்" என்றார் நஞ்சுண்டண்ணன்.

வந்தது. விருந்து முடிந்து, பெண்ணுக்கு வளையல் போட்டு, பந்தியில் இலை எடுத்திருப்பார்கள் என்று நினைக்கும்படியான நேரத்தில் நல்ல வெயில் வந்தது. பாய் கம்பிரசரைப் போட்டார். நீலம் சொன்னபடி கேட்டு அழகாக உட்கார்ந்தது. நஞ்சுண்டண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரத்தில் நின்றார். பிரமாதமாக வந்திருந்தது.

தெய்வாத்தாளும் அவர் அண்ணனும் சொந்தக்காரர்கள் சிலருமாகப் பானைகளை பஸ்ஸிலேயே கொண்டுபோய் விருந்தை நடத்திவிட்டார்கள். பெண்ணை ஆனைமலைக்கே அழைத்துப் போனார்கள். இரண்டொரு நாள் கழித்து, பம்பர் விளக்கெல்லாம் மாட்டி, நஞ்சுண்டண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு அங்கே போனார். மச்சான் வீட்டுப் பிள்ளைகள் ஓடிவந்து தொட்டுப் பார்த்தார்களாம். தெய்வாத்தாள் வாசலுக்கு வந்து, வண்டியைச் சுற்றிப் பார்த்தாராம்.

"ஏனுங்ணா, என்ன சொன்னாங்க?" என்று பாய் கேட்டார்.

"நல்லாருக்குதுன்னா. உள்ள விளக்கு எரிஞ்சுட்டு இருந்துது. நான், ஒரு பொட்டு வெய்யின்னேன். 'பளபளன்னு இருக்குதுங்க. பொட்டு வெச்சாக் கெட்டுப்போகும்'ன்னுட்டு, காப்பி போட உள்ள போயிட்டா."

பேத்தி பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் பிறந்தாள். நஞ்சுண்டண்ணன் போய்ப் பார்த்தார், காசு கொடுத்தார், சவாரி இருப்பதாகச் சொல்லித் திரும்பினார். மூன்று மாதம் முடிந்து குழந்தையும் தாயும் கருமத்தம்பட்டி போனார்கள். தெய்வாத்தாள் ஆனைமலையிலேயே இருந்துவிட்டார். சிங்காநல்லூர் வீட்டு உத்திரத்தில் அந்தக் கொக்கி சும்மா தொங்கியது. நான் ஒரு தடவை அங்கே போனபோது அதில் அவர் சட்டையை மாட்டியிருந்தார்.

வண்டிக்கு ஸ்டாண்டில் நல்ல பேர். கல்யாணச் சவாரிக்கெல்லாம் அதைத்தான் கேட்டார்கள். ஷெட்டுப் பக்கம் வந்தால் அவர் பழைய ஞாபகத்தில் விரலை நாக்கில் வைத்துக் கதவில் தேய்ப்பார். பளபளப்பின் மேல் எச்சில் முத்து முத்தாக நிற்கும். நிறம் எதுவும் மாறாது. துண்டால் துடைத்துவிட்டுப் போவார்.

அதற்கடுத்த வருஷம் லோகப்பிரியா கணவரோடு எங்கள் கடைக்கு வந்தார். தறிக்குடோன் கதவுக்குப் பச்சை பெயின்ட் வேண்டும் என்று கணவர் முதலாளியோடு பேசிக்கொண்டிருந்தார். இடுப்பில் குழந்தையோடு லோகப்பிரியா எதிர்ப்பக்கம் ஷெட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்பா வண்டிக்குப் பெயின்ட் அடிச்சது அங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"கட்டுச்சோத்து அன்னிக்கு நீங்க இருந்தீங்களா?"

இருந்தேன் என்றேன். குழந்தை டப்பாக்களை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. அதன் கையை இழுத்து வைத்துக்கொண்டார்.

"கோயமுத்தூர்ல பஸ் மாறும்போது மாமா கேட்டிருக்காரு, போயி அப்பாவக் கையோட கூட்டீட்டு வந்தர்லாமான்னு. அம்மா வேண்டாம்ன்னுட்டாங்களாம். போன்ல பஸ்ஸுல வாங்கன்னு சொல்லியிருக்கறேன், அவராவே நேரா அங்க வந்துருவாருன்னு."

பக்கத்தில் கிடந்த ஸ்டூலை அவருக்கு இழுத்துப் போட்டேன்.

"அப்பாகிட்ட இதை நாங்க யாரும் சொல்லலீங்க. நீங்களும் சொல்லிப்போடாதீங்க" என்றார். "சோத்துப் பானையோட பானையா, அம்மா அவங்க துணிமணியெல்லாம் கட்டுன தகரப்பெட்டியவும் பஸ்ஸு மேல போட்டுக் கொண்டாந்திருந்தாங்க. உள்ள வெக்கட்டுமான்னு கேட்டேன். இங்க இருந்து நேரா சிங்காநல்லூருக்குத்தானே போறோம், இருக்கட்டும்ன்னுட்டாங்க. சாயந்தரம் வரைக்கும் அது எங்க ஊட்டு வாசப்படியிலயேதானுங்க இருந்துது."